பாட்டியின் இரண்டு தவலை: தட்டி மாற்றி ஏழு வருஷம் புழங்கிய அனுபவம்

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி வீடு. பாட்டி போன பிறகு என் பங்குக்கு இரண்டு பித்தளைத் தவலை வந்தது. கனமான பழைய தகடு. ஆனால் காட்பாடியில் நாங்கள் இருக்கும் வீட்டில் யார் கிணற்றில் இறைத்து இடுப்பில் வைத்து வரப்போகிறார்கள்? கழுத்து குறுகலாக இருப்பதால் உள்ளே கைவிட்டுத் தேய்க்கவும் முடியாது. பாத்திரக் கடைகளில் ஒரே பதில்தான். எடைக்குப் போட்டுவிட்டுச் சேதாரம் போகப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. கழுத்தை வெட்டிவிட்டு, வயிற்றை விரித்துத் தட்டி, உருளி மாதிரி அகன்ற பாத்திரமாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். 2018 சித்திரையில் ஒன்றை ஒரு கடையிலும் இன்னொன்றை ஒரு பட்டறையிலும் கொடுத்தேன். ஒரே இடத்தில் கொடுக்காததற்குப் பெரிய காரணம் இல்லை, பட்டறைக்காரர் நாள் ஆகும் என்றார், அவ்வளவுதான்.

கடைக்காரர் மறுநாளே கொடுத்துவிட்டார். கண்ணாடி மாதிரிப் பாலிஷ், விளிம்பில் கம்பி வைத்து மடித்து நூல் பிடித்த மாதிரி வட்டம். பட்டறைப் பெரியவர் ஒன்பது நாள் இழுத்தார். அவர் கொடுத்ததில் சுத்தியல் தழும்பு தெரிந்தது, விளிம்பு லேசாக நெளிந்திருந்தது. கூலியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முதல் மூன்று வருஷம் யார் கேட்டாலும் அந்தக் கடையைத்தான் சொன்னேன். அப்படி நான் சொல்லி அங்கே கொடுத்தவர்கள் மூன்று பேர். இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

பட்டறையில் நடந்ததை அப்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அர்த்தம் மட்டும் புரியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பிரியாணி தேக்சாக்களுக்கு ஈயம் பூசுகிற பட்டறை அது. பெரியவர் பாத்திரத்தை இரும்புப் பட்டடையில் கவிழ்த்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. முதலில் தொப் தொப் என்று விழுந்த அடி, போகப் போக ணங் ணங் என்று எகிறியது. உடனே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னா தாத்தா, நிறுத்திட்டீங்க?”

“வெறைச்சிப் பூட்ச்சிமா. இதுக்கு மேல தட்டினா இப்ப ஒண்ணும் தெரியாது, அப்பால வாயப் பொளக்கும். நெருப்புல காட்டணும்.”

கதவை ஒருக்களித்துச் சாத்தினார். வெளிச்சம் இருந்தால் பித்தளையின் நிறம் தெரியாதாம். துருத்தி ஊதி, கரி நெருப்பில் பாத்திரத்தை இடுக்கியால் சுற்றிச் சுற்றிக் காட்டினார். இருட்டில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஓரமாக, அடுப்பு அணைந்த பிறகு சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு எழுந்தது. அது வட்டம் முழுக்க ஒரு சுற்று வந்ததும் வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் இறுகும் என்று நான் கேள்விப்பட்டிருந்ததால் பதறினேன். பித்தளைக்கு அந்தக் குணம் இல்லை. தண்ணீரில் குளிர்ந்தாலும், காற்றில் ஆறினாலும் இளகினது இளகினதுதான். விரலால் சுண்டிக் காட்டினார், மறுபடி தொப் என்றது. கருத்த மேல்தோலைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு அடுத்த சுற்று. இப்படி மூன்று முறை. நெருப்பு அதிகமானாலும் கெடுதல்தானாம். செக்கச் செவேல் என்று ஏறவிட்டால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், தகடு ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரத்துப் போகும்.

ஒரு நாளில் கொடுத்த கடைக்காரர் நெருப்பே வைத்திருக்க முடியாது. அதை நான் தெரிந்துகொண்டது 2022-ல்தான்.

2021 ஆடியில் வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தோம். சாமான்களைக் கம்மவான்பேட்டையில் அக்கா வீட்டில் போட்டோம். இரண்டு பாத்திரமும் மாட்டுக் கொட்டகைப் பரணில் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. அந்த வருஷ மழை நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. கொட்டகைத் தரை காயவே இல்லை, உள்ளே போனால் மாட்டு மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். தை பிறந்து எடுக்கப் போனபோது, கடையில் செய்த பாத்திரத்தின் விளிம்பில் ஏழு விரிசல். யாரும் போடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. விளிம்பிலிருந்து செங்குத்தாக மயிரிழை போலக் கீழே இறங்கியிருந்தது, நீளமானது மூன்று விரற்கடை. பட்டறைப் பாத்திரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கருத்திருந்தது, அவ்வளவுதான்.

அக்கா வீட்டுக்கார மாமா ராணுவத்தில் வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விரிசலைப் பார்த்த உடனே, “இது தோட்டாவுக்கு வர்ற வியாதிம்மா” என்றார். துப்பாக்கித் தோட்டாவின் கூடும் பித்தளைதான், நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். பிரிட்டிஷ்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் தோட்டாக்களைப் போட்டு வைப்பார்களாம். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கூடுகள் தானாகவே விரிசல் விட்டுப் பிளந்திருக்கும். மழைக்காலத்தில் வருவதால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர். காரணத்தை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு பக்கம், குளிர்ந்த தகட்டை அழுத்தி இழுத்துச் செய்ததால் உள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் பிளக்கும். தோட்டாக் கூட்டின் வாய்ப்பக்கத்தை நெருப்பில் காட்டி இளக்குவது அதனால்தான். ராணுவத் தோட்டாக்களில் கழுத்தோரம் நீலமும் பழுப்புமாக ஒரு சாயம் தெரியும், அது அந்த நெருப்பு விட்ட தடம் என்றார் மாமா. ஒரு அளவுக் கூட்டை இன்னொரு அளவுக்கு மாற்றிச் செய்கிறவர்களும் இளக்காமல் விட்டால் கழுத்துதான் முதலில் போகுமாம்.

கேட்கக் கேட்க எனக்குப் பட்டறைப் பெரியவரின் குரல்தான் காதில் ஒலித்தது. அம்மோனியா என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை, அப்பால வாயப் பொளக்கும் என்று நான்கு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கடையில் செய்தது வெந்நீர் போடுவதற்கு, அதனால் அதற்கு ஈயம் பூசவில்லை. பட்டறையில் செய்தது சமையலுக்கு, கடைசியில் ஈயம் பூசியது. பூசும்போது பாத்திரம் ஈயம் உருகும் அளவுக்குக் காய்வதால் மிச்ச இறுக்கமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஆகவே இரண்டையும் சரிசமமாக வைத்து எடை போட முடியாது. ஆனாலும் நெருப்புப் படாத விளிம்பு பிளந்தது, பட்டது பிளக்கவில்லை.

இனி சமையல் பாத்திரத்தைப் பற்றி. பொங்கல், சாம்பார், பாயசம் எல்லாம் இதில்தான். கனத்த தகடு என்பதால் அடி பிடிப்பது குறைவு, இறக்கி வைத்த பிறகும் நெடுநேரம் சூடு நிற்கிறது. இரண்டாம் வருஷம் ஒரு தப்புச் செய்தேன். வெறும் பாத்திரத்தைக் கேஸ் அடுப்பில் வைத்து ரவை வறுக்கப் போய், அடியில் ஈயம் உருகி முத்து முத்தாகத் திரண்டுவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். அன்றிலிருந்து வறுப்பது, தாளிப்பது எல்லாம் இரும்பு வாணலியில்தான். புளி சேர்த்ததைச் சமைக்கலாம், ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது.

ஏழு வருஷத்தில் நான்கு முறை ஈயம் பூசியிருக்கிறேன். உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால் நேரம் வந்துவிட்டது. பூசக் கொடுக்கும்போது ஈயக் கட்டியைக் கையில் வாங்கி வளைத்துப் பாருங்கள். நல்ல வெள்ளீயம் நொறுநொறு என்று முனகும். காரீயம் அதிகம் கலந்தால் அந்தச் சத்தம் வராது. சாப்பிடுகிற பாத்திரத்தில் காரீயம் விஷம், இதில் கூச்சப்படாமல் கேட்டே ஆக வேண்டும்.

தட்டி மாற்றக் கொடுக்கிறவர்கள் பட்டறையில் முதலில் அடுப்பைத் தேடுங்கள். கரியோ கேஸோ, ஏதாவது ஒரு நெருப்பு இருக்க வேண்டும். எத்தனை முறை காய்ச்சுவீர்கள் என்று கேளுங்கள். “எதுக்குங்க, பித்தளை தானா வளையும்” என்று பதில் வந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாற்றி வைத்திருப்பவர்கள் கொட்டகை, கழிவறை பக்கம் வைக்காதீர்கள், விளிம்பை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

விரிசல் விட்ட பாத்திரத்தைப் போன மாதம் பெரியவரிடமே கொண்டுபோனேன். அவருக்கு இப்போது கை நடுக்கம், பேரன் தட்டுகிறார். விளிம்பை நான்கு விரற்கடை வெட்டிவிட்டு, காய்ச்சிப் புது விளிம்பு மடிக்கலாம், ஆழம் குறையும், பரவாயில்லையா என்று கேட்டார். சரி என்றேன். இந்த முறை எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்கவில்லை.