பாலுக்குச் சேர வேண்டிய பெயர்: ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா விளம்பரங்கள்

இந்தப் பவுடர்களைப் பற்றி எழுதினால் பாதி விமர்சனம் டிவி விளம்பரத்துக்குத்தான் போகும். கடையில் டப்பாவைக் கையில் எடுக்கும் முன்பே விற்பனை முடிந்துவிடுகிறது.

அடுத்த சீரியல் இடைவேளையில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதலில் பயம்: ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை பின்தங்குவான், பரீட்சை ஹாலில் முழிப்பான். கேமரா உடனே அம்மாவின் முகத்துக்குப் போகும். குறி அவர்மேல்தான். அடுத்து வெள்ளைக் கோட்டு, எலும்புக்குள் மின்னும் உருண்டைகள். பிறகு டம்ளர் காலி. அடுத்த ஷாட்டில் கோல். நடுவில் ஓடிய மாதங்கள், சாப்பிட்ட சோறும் முட்டையும், மைதானத்தில் செய்த பயிற்சி எல்லாம் அந்த ஒரு வெட்டில் காணாமல் போகும். 'இதனால் அது' என்று வாயால் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து ஒட்டினால் நாமே சொல்லிக்கொள்வோம்.

பூஸ்ட் பயமுறுத்துவதில்லை, அதன் வழி வேறு. கபில் தேவ், சச்சின், தோனி, கோலி என்று ஆள் மாறினாலும் 'பூஸ்ட் இஸ் தி சீக்ரெட் ஆஃப் மை எனர்ஜி' மட்டும் தமிழ் ஒளிபரப்பிலும் ஆங்கிலத்திலேயே நின்றது. அது வீரர் தன்னைப் பற்றிச் சொல்வது. உங்கள் பிள்ளைக்குத் தந்த வாக்குறுதி அல்ல. 'my' போய் 'our energy' (நம் எனர்ஜி) என்று பிள்ளைகள் சேர்ந்து கத்தும்போதுதான் அது உங்கள் வீட்டுக்குள் வருகிறது. இந்த வகையிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை இது.

பிள்ளை உயரமாவான், பலமாவான், கூர்மையாவான் என்று நேரடியாகச் சொன்னால் மாட்டிக்கொள்ளலாம். பிரிட்டனில் ஆசியச் சேனல்களில் வந்த ஹார்லிக்ஸ், காம்ப்ளான் விளம்பரங்களை 2008-இல் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. இங்கே அடிக்குறிப்பு காப்பாற்றுகிறது. 'சமச்சீர் உணவின் ஒரு பகுதியாக' என்ற வரி திரையின் அடியில் ஓடும். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான அஸ்கியின் (ASCI) விதிப்படி ஒரு வரிக்கு 4 வினாடியாவது அது நிற்க வேண்டும். நின்றாலும், அந்த நேரத்தில் நம் கண் பிள்ளையின் முகத்தில் இருக்கும்.

இப்போது டப்பாவைத் திருப்புங்கள். போர்ன்விட்டாவை எடுத்துக்கொண்டால், அதில் சர்க்கரை அதிகம் என்று 2023-இல் எழுந்த சர்ச்சையின்போது 100 கிராமில் 37.4 கிராம் சேர்த்த சர்க்கரை. அந்த ஆண்டு இறுதியில் 32.2 ஆகக் குறைத்தார்கள். ஒரு தடவைக்கு 20 கிராம் என்றால் சுமார் ஆறரை கிராம், கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன். புரதம் 100 கிராமுக்கு 7 என்ற கணக்கில் 1.4 கிராம். அதைக் கலக்கும் 200 மில்லி பாலில் மட்டும் 6 கிராமுக்கு மேல் புரதம். டம்ளரில் பெரும் வேலை செய்வது பால். பெயர் மட்டும் பவுடருக்கு.

வைட்டமின், இரும்புச்சத்து சேர்த்திருப்பது பொய் அல்ல. ஆனால் பாலில் உள்ள கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இதை நம்பி இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

2024 ஏப்ரலில் வர்த்தக அமைச்சகம் இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. இந்துஸ்தான் யூனிலீவரும் ஹார்லிக்ஸ் வகையின் பெயரிலிருந்து 'ஹெல்த்'தை எடுத்துவிட்டது. எண்ணெய், சோப்புக்கு நடுவே அதே அலமாரியில்தான் டப்பா இன்னும் இருக்கிறது.

வாங்கலாமா? வெறும் பாலைத் தொடாத பிள்ளைக்கு ருசிக்காக, வாங்கலாம். ஜாரைவிட ரீஃபில் பாக்கெட் பெரும்பாலும் மலிவு. 100 கிராமுக்கு என்ன விலை என்று பார்த்து எடுங்கள். விளம்பரத்தில் வருவதுபோல் ஸ்பூனைக் கோபுரமாக அள்ளாமல் தட்டையாக ஒரு டீஸ்பூன் போதும். கொதிக்கும் பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். வெதுவெதுப்பான பால் கொஞ்சம் விட்டுக் குழைத்த பிறகு மீதியை ஊற்றவும். மேலே தனியாகச் சர்க்கரை வேண்டவே வேண்டாம், பல வீடுகளில் கணக்கு தவறுவது அங்கேதான். உயரத்துக்காக வாங்குவதானால், அந்தக் காசுக்கு இன்னும் அரை லிட்டர் பால் வாங்குங்கள்.