எல்சாவா, மினியனா? ஹாங்காங், சிங்கப்பூர்: ஒரு வரிசைக் கணக்கு

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். பெரியவள் ‘ஃப்ரோஸன்’ அனிமேஷன் படத்தில் வரும் எல்சா கட்சி. அந்த நீல கவுனைத் துவைக்கப் போடக்கூட விடமாட்டாள். சின்னவன் ‘டெஸ்பிகபிள் மீ’ படங்களில் வரும் குட்டி மஞ்சள் ஆட்களான மினியன் கட்சி. முழுப்பரீட்சை லீவுக்கு வெளிநாட்டில் ஒரு தீம் பார்க் என்று நான் வாயை விட்டுவிட்டேன். ஹாங்காங் டிஸ்னிலாண்டா, சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸா என்று ஒரு மாதம் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் நான்கு பேருமாக ஹாங்காங் போனோம். சில மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்காகச் சிங்கப்பூர் போனபோது, விட்ட குறைக்குச் சின்னவனை மட்டும் கூட்டிக்கொண்டு யூனிவர்சலிலும் சுற்றினேன். ஹாங்காங்கில் இரண்டு நாள், சிங்கப்பூரில் ஒரே நாள், அதுவும் வாரநாள். இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் ஓட்டு ஹாங்காங்குக்கு.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்கப்பூருக்கு விசா எடுக்க வேண்டும். ஹாங்காங்குக்கு இந்திய பாஸ்போர்ட்காரர்கள் ஆன்லைனில் முன்பதிவு செய்துகொண்டால் 14 நாள் வரை தங்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், ஹாங்காங் இன்னும் ஒன்றரை மணி நேரம் கூட. சாப்பாட்டில் சிங்கப்பூரை அடிக்க ஆள் கிடையாது. சிராங்கூன் சாலையில் இறங்கினால் தயிர்சாதம் உங்களைத் தேடி வரும். ஹாங்காங்கில் இந்தியச் சாப்பாட்டுக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும். பார்க்குக்குப் போவது இரண்டு ஊரிலும் சுலபம். ஹாங்காங்கில் சன்னி பே நிலையத்தில் மாறினால் டிஸ்னிலாண்டுக்கென்றே ஒரு ரயில் ஓடுகிறது. ஜன்னல்கூட மிக்கி மவுஸ் தலை வடிவம்தான்.

இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தீம் பார்க் என்றால் வரிசை. அதிலும் ஹிட்டான அனிமேஷன் படத்தின் ரைடு முன்னால் நிற்கும் வரிசை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம், எத்தனை நிமிடம் உட்கார்ந்து அனுபவிக்கிறோம் என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும். ஆகவே என் ஒப்பீடு முழுக்க அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

போவதற்கு முன்னால் எனக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. படம் எவ்வளவு வசூலோ, வரிசை அவ்வளவு நீளம். அப்படிப் பார்த்தால் மினியன் பக்கம்தான் தலை காட்டக்கூடாது. 2010இல் தொடங்கிய அந்தப் படவரிசையில் 2024 வரை வந்த ஆறு படங்களும் சேர்ந்து உலகம் முழுக்க 500 கோடி டாலரைத் தாண்டிவிட்டன. அனிமேஷனில் அந்தக் கோட்டை முதலில் தொட்டது அதுதான். எல்சாவின் ‘ஃப்ரோஸன்’ இரண்டே படம். 2013இல் வந்தது சுமார் 128 கோடி, 2019இல் வந்தது சுமார் 145 கோடி. கூட்டினாலும் மினியனில் பாதிக்கு ஏதோ கொஞ்சம் மேலேதான்.

ஆனால் நான் நின்று பார்த்ததில் எல்சா வரிசைதான் நீளம். ஏன் என்று யோசித்தேன். வரிசையில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

முதல் காரணம், பங்காளிகள். மினியன் ரைடு ஆர்லாண்டோவில் 2012இலேயே வந்துவிட்டது. அப்புறம் ஹாலிவுட், ஒசாகா, பெய்ஜிங் என்று யூனிவர்சல் பார்க்குகளில் வரிசையாக வந்தது. சிங்கப்பூரில் 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்தபோது ஆசியாவின் மினியன் ரசிகர்களில் பெரும்பகுதிக்கு வேறு இடங்கள் இருந்தன. ஹாங்காங்கில் 2023 நவம்பர் 20 அன்று திறந்த ‘வேர்ல்ட் ஆஃப் ஃப்ரோஸன்’ அப்படியில்லை. அந்தப் படத்துக்கென்று ஒரு முழுப் பகுதியை உலகத்திலேயே முதலில் கட்டியது அங்கேதான். அடுத்த ஜூனில் டோக்கியோ டிஸ்னிசீயிலும் ஒன்று வந்தது. பத்து வருடமாக வீட்டில் டிவி முன்னால் பாடிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் இந்தப் பக்கத்தில் இரண்டே வாசல். கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? 2023 செப்டம்பரோடு முடிந்த நிதியாண்டில் ஹாங்காங் டிஸ்னிலாண்டுக்கு வந்தவர்கள் 64 லட்சம். அடுத்த ஆண்டு 77 லட்சம், 2005இல் திறந்ததிலிருந்து அதிகபட்சம். கோவிட் முடிந்து எல்லை முழுதாகத் திறந்ததற்கும் இதில் பங்கு உண்டு, எல்லாம் எல்சா புண்ணியம் என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். தியேட்டர் வசூல் ஒரு முறை பார்த்த கணக்கு. வரிசை நூறு முறை பார்த்த கணக்கு. என் பெண் தியேட்டரில் ‘ஃப்ரோஸன்’ பார்த்ததே இல்லை. இரண்டாம் பாகத்தைத் தமிழில்தான், எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்த பதிப்பில்தான், வீட்டில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அவள் ஒரு டாலர்கூட வசூல் கொடுக்கவில்லை, ஆனால் ஹாங்காங்கில் எங்கள் நான்கு பேரை வரிசையில் நிற்க வைத்துவிட்டாள். டிஸ்னியின் ‘என்கான்டோ’ படத்தைப் பாருங்கள். 2021இல் தியேட்டரில் 25 கோடி டாலர் சொச்சத்தோடு நின்றுவிட்டது. வீடுகளில்தான் வெடித்தது. இப்போது ஃப்ளோரிடாவில் டிஸ்னி அனிமல் கிங்டத்தில் அதற்கென்று ஒரு ரைடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்மாறாகவும் நடக்கிறது. ‘ஷ்ரெக்’கின் இரண்டாம் பாகம் 2004இல் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிங்கப்பூர் யூனிவர்சலில் அதன் அரண்மனை இன்றும் நெடுநெடுவென்று நிற்கிறது. முன்னால் நின்று போட்டோ எடுத்தது என்னைப் போன்ற அப்பாக்கள்தான். சின்னவன் “யாருப்பா இந்தப் பச்சை ஆளு?” என்று கேட்டான். மினியன் லேண்ட் இருக்கும் இடத்திலேயே முன்பு ‘மடகாஸ்கர்’ பகுதி இருந்தது, 2022இல் மூடினார்கள். படம் எத்தனை கோடி வாங்கியது என்பதைவிட, இன்றைக்கு ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாத்திரத்தைத் தெரியுமா என்பதைத்தான் பார்க்குக்காரர்களும் பார்க்கிறார்கள்.

சரி, வரிசை நீளம் என்றால் ஏன் ஹாங்காங்குக்கு ஓட்டு? இங்கேதான் என் சித்தாந்தம் முழுதாகக் கவிழ்ந்தது. ஒரு ரைடின் வரிசை நீளமா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. அந்த வரிசை குறையும் வரை பிள்ளைகளை வேறு எங்கே கொண்டுபோய் விடலாம் என்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் பார்க் சின்னது. அதுகூடக் குறையில்லை, நடை மிச்சம். ஆனால் அங்கே பெரிய பெயர் வாங்கிய ரைடுகளில் மம்மி, ஒன்றையொன்று துரத்தும் அந்த இரட்டை ரோலர் கோஸ்டர், எல்லாம் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. உயரம் அளக்கும் குச்சி முன்னால் நம் வீட்டு வாண்டுகள் தோற்றுப்போகும். ஆக, ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் மினியன், ஷ்ரெக், செசமி ஸ்ட்ரீட் என்று இரண்டு மூன்று மூலையில் வந்து சேர்கிறார்கள். ‘மினியன் மேஹெம்’ என்ற அந்த மினியன் ரைடு, திரை முன்னால் நாற்காலி ஆடும் வகை. மொத்தமாக ஒரு கூட்டத்தை உள்ளே விடுவார்கள், படம் முடிந்தபின் அடுத்த கூட்டம். திருப்பதியில் கம்பார்ட்மென்ட் திறந்துவிடுவதுபோல. நகரவே நகராது, திடீரென்று ஓட்டம், மறுபடி நிற்றல். நாங்கள் போன வாரநாளில் பரவாயில்லை. பள்ளி விடுமுறையில் எப்படி இருக்கும் என்று தங்கையைக் கேட்டேன். சிரித்தாள்.

இன்னொன்று, இடி. சிங்கப்பூர் மத்தியான மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்னல் என்றால் வெளியில் ஓடும் ரைடுகளை எந்த பார்க்கிலும் நிறுத்திவிடுவார்கள். அப்போது எல்லாரும் கூரை உள்ள இடத்துக்குள் நுழைவார்கள். பார்க் சின்னது என்றால் கூரையும் கம்மிதானே.

ஹாங்காங்கில் ‘ஃப்ரோஸன்’ பகுதியே கூட்டத்தை மூன்றாகப் பிரித்துவிடுகிறது. படகு ரைடு ஒன்று, சறுக்கு வண்டி வடிவில் சின்ன ரோலர் கோஸ்டர் ஒன்று, எல்சாவையும் ஆனாவையும் பக்கத்தில் பார்க்கும் காட்டு வீடு ஒன்று. படகு கம்பார்ட்மென்ட் வகை இல்லை. ஒன்று போனதும் அடுத்தது வந்து நிற்கும், வரிசை சொட்டுச் சொட்டாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே நேரம் நின்றாலும் நகரும் வரிசையில் பிள்ளைகள் அழுவது குறைவு. கோஸ்டர்தான் சிக்கல். வண்டி சின்னது, ஆள் கொள்வது குறைவு, வரிசை வெயிலில். காலையில் வாசல் திறந்ததும் நேரே அதற்கு ஓட வேண்டும். நாங்கள் முதல் நாள் ஓடவில்லை. நுழைந்ததும் கடையில் கிரீடம் வாங்க அரை மணி நேரம் போயிற்று, தப்பு முழுக்க என் மேல்தான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மறுநாள் புத்தி வந்து ஓடினோம், காத்திருந்த மாதிரியே தெரியவில்லை.

மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் ஹாங்காங் ஜெயிக்கிறது. டம்போ யானை 1941 படம். ‘வின்னி த பூ’ கரடியும் பழைய சரக்கு. ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுக்குப் படமே கிடையாது, 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த சமாச்சாரம். கூரைக்குள், ஏசியில், வருகிறவர்களை எல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கும். உயரக் குச்சி இல்லை. புதுப் படத்தின் மோகம் ஒரு மூலையில் கூட்டத்தை இழுத்து வைத்துக்கொள்ள, பழைய படங்களின் ரைடுகள் காற்றாடுகின்றன.

‘மிஸ்டிக் மேனர்’ என்று ஒன்று இருக்கிறது. 2013 மே மாதம் திறந்தது, எல்சா திரைக்கு வந்த அதே வருடம். ஒரு பழைய மாளிகை, அதன் சொந்தக்காரர் உலகம் சுற்றிச் சேகரித்த பொருள்கள், அவர் வளர்க்கும் ஒரு குரங்கு. கதை முழுக்க அந்த பார்க்குக்கென்றே எழுதியது. முன்னும் படமில்லை, பின்னும் படமில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பார்க்கிலும் சேர்த்து முதல் மார்க் அதற்குத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. மூன்று முறை போனோம்.

தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹாங்காங்கின் கூட்டம் பக்கத்துச் சீன மெயின்லாண்டின் காலண்டரைப் பார்த்து வருகிறது. சீனப் புத்தாண்டு, மே 1 விடுமுறை, அக்டோபர் முதல் வாரம், மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். 2006 சீனப் புத்தாண்டில் டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் வேலிக்கு மேலே குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்த கதை பிரசித்தம். ஆறு மாதத்தில் எந்த நாளும் செல்லும் என்று டிக்கெட் விற்றதன் விளைவு அது. நாங்கள் போனது மே நடுவில். கூட்டம் தாங்கிற்று, புழுக்கம்தான் தாங்கவில்லை. டிசம்பர், ஜனவரிக் குளிரில் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சிங்கப்பூரில் மே கடைசி முதல் ஜூன் வரை, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை பள்ளி விடுமுறை. நம்மூர் லீவில் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி என்றால் அங்கே இடம் இருக்கும்.

காசு கொடுத்து முந்திப் போகும் ஏற்பாடு இரண்டு இடத்திலும் உண்டு. நம்மூர் சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரிதான். ஹாங்காங்கில் ஒன்றிரண்டு ரைடுக்கு மட்டும் வாங்கலாம், அது போதும்.

பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டால், அல்லது பாட்டியும் கூட வருகிறார் என்றால், நான் சொன்னதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர்தான். ஆனால் அங்கே மரியோ வீடியோ கேம் புகழ் நின்டென்டோவுக்கு ஒரு பகுதியும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் வந்த மரியோ படம் சுமார் 136 கோடி டாலர். அது திறக்கும் முதல் வருடம் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

சின்னவன் இப்போது கட்சி மாறிவிட்டான். மினியன் பொம்மை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அந்த மாளிகைக் குரங்கு நடித்த படத்தைப் போடு என்று தினமும் கேட்கிறான். அப்படி ஒரு படமே இல்லையடா என்றால் நம்பமாட்டேன் என்கிறான்.