கப்பன் பார்க்: பதினோரு வருடம் நடந்தவன் சொல்கிறேன்

பெங்களூருக்கு மாற்றலாகி வரும் நண்பன் கேட்டான்: "வாக்கிங் போக கப்பன் பார்க் எப்படிடா? பக்கத்துலயே வீடு பார்க்கட்டுமா?" நல்லா இருக்கும்டா என்று முடித்திருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் பூங்காவுக்குள் ஒரு கார்க்காரருடன் சண்டை.

1870இல், மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி அமைத்த பூங்கா. முதலில் மீட்ஸ் பார்க், அப்புறம் கப்பன் பார்க், 1927இலிருந்து ஏட்டில் ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா. அந்தக் கடைசிப் பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னால் வேறு எங்கேயாவது கொண்டுபோய் விடுவார்.

மரங்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஏப்ரல் வெயிலிலும் தூங்குமூஞ்சி மரத்தடியில் சட்டை நனையாமல் நடக்கலாம். எனக்குப் பிடித்தது மூங்கில் கூட்டம். காற்றடித்தால் பழைய கதவு திறக்கிற மாதிரி கிறீச்சிடும். முதல் மாதம் பயந்தேன். இப்போது அது கேட்காத நாளில் ஏதோ குறைகிறது. சிவப்பு நூலகக் கட்டடம் சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டியது. பாலக்காட்டுத் தமிழர், மைசூர் திவானாக 18 வருடம் இருந்தவர். நடை முடிந்ததும் அந்தப் பக்கம் போய்த்தான் மூச்சு வாங்குவேன்.

சரி, சண்டைக்கு வருகிறேன். இந்தப் பூங்காவுக்குள்ளேயே சாலைகள் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை விடுவதில்லை. வேலை நாட்களில் அதிகாலை கழிந்ததும் ஊரின் குறுக்குவழியே இதுதான். அன்று ஒரு அணில் கடப்பதைப் பார்த்து நின்றேன். பின்னால் ஹார்ன். ரோட்டில் ஏன் நிற்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். இது பூங்கா என்றேன். பூங்கா அந்தப் பக்கம், இது ரோடு என்றார். நியாயமாகப் பார்த்தால் வண்டிகளை அந்த வழியே விட்டது அவர் இல்லை. ஆனாலும் கத்திவிட்டேன். அணில் எப்போது போனதென்று தெரியவில்லை.

அதனால் நண்பா, லால்பாக் பக்கம் வீடு பார். ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். சுற்றுச்சுவரும் வாசல்களும் உண்டு, ஊர் டிராஃபிக் குறுக்கே ஓடாது. கப்பன் பார்க்குக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். ஞாயிறு காலை ஆறரைக்கு மூங்கில் பக்கம் இருப்பேன், வந்துவிடு.