பிரீகாஸ்ட் வெல்டிங் இணைப்பு வடிவமைப்பை இணையத்தில் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 1,85,000 ரூபாய் போய்விட்டது

நான் கட்டுவது ஒரு மாடிக் கிடங்கு. தளம் முழுக்க பிரீகாஸ்ட் பலகைகள், அதாவது முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து அடுக்கும் கான்கிரீட் பலகைகள். அவற்றை ஒன்றாகப் பிணைக்க மேலே ஊற்றும் டாப்பிங் கான்கிரீட் கிடையாது. நிலநடுக்கம் வந்தால் கிடைவிசையைப் பலகைக்குப் பலகை கடத்திச் சுவரில் சேர்க்க வெல்டிங் இணைப்புகளை விட்டால் வேறு வழியில்லை. அவற்றை வடிவமைக்க, பொறியாளர்களைப் பிடித்துத் தரும் ஓர் இணையதளத்தில் 1,85,000 ரூபாய் கட்டினேன். முழுவதும் முன்பணம்.

வீடியோ அழைப்பில் வந்தவர் பேச்சில் சொக்கவைத்தார். விளிம்பில் பதிக்கும் பிளேட், அதன் பின்னால் வளைந்து போகும் கம்பி, இரண்டு பிளேட்டுகளுக்கும் நடுவே வைத்து வெல்டு செய்யும் துண்டுப் பட்டை என்று திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். "கிரேனில் இறக்கும்போது பலகை கொஞ்சம் விலகித்தான் உட்காரும். அதற்கும் இடம் விட்டிருக்கிறேன் சார்" என்றார். வேலையிடத்தில் வெயிலில் நின்றவன் வாயில்தான் இந்தச் சொல் வரும் என்று நம்பினேன்.

வந்த வரைபடத்தைப் பாருங்கள். 6 மி.மீ. பிளேட்டின் விளிம்பில் 8 மி.மீ. ஃபில்லட் வெல்டு (இரு பரப்புகள் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டு)! அங்கே 4.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கம்பியை வளைத்த இடத்திலேயே வெல்டு. துண்டுப் பட்டை எல்லா இடத்திலும் ஒரே அகலம். பலகை விலகினால் எட்டாது. பலகைகளுக்கு இடையே வரும் வெட்டுவிசை (ஒன்றை ஒட்டி மற்றொன்றை நழுவவைக்கும் விசை) எவ்வளவு என்று கணக்கீட்டில் ஓர் எண்கூட இல்லை. மூலையில் வேறு யாருடைய கட்டடத்தின் பெயரோ அழிக்கப்படாமல் கிடந்தது.

மாதிரிப் பலகையில் வெல்டு போட்டுப் பார்த்தோம். சூட்டில் பிளேட் விரிந்தது, சுற்றிலும் இடைவெளி விடாததால் கான்கிரீட் விளிம்பு வெடித்து விரல்நீளச் சில்லு வெல்டரின் முகக்கவசத்தில் அடித்தது.

கேட்டால், முதலில் "உங்கள் வெல்டர் சரியில்லை". பிறகு "திருத்தத்துக்குத் தனிக் கட்டணம்". கடைசியில் "சின்ன இணைப்புக்கு ஏன் சார் இவ்வளவு பதற்றம்?" 1968இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடியில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்து 4 பேர் செத்தது இப்படிப்பட்ட 'சின்ன' இணைப்புகள் தாங்காமல்தான். இணையதளமோ "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்" என்று சொல்லி, என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என மூடிவிட்டது. எது தீர்ந்தது? என் 1,85,000 ரூபாயா?

அவசரமாகச் சில வார்த்தைகள். முழுப் பணத்தை முன்னால் தராதீர்கள். கையொப்பமிட்ட கணக்கீடு வராமல் பலகை வார்க்காதீர்கள். கம்பி ஆலை தரும் மில் சான்றிதழில் கார்பன் சமானம் (கம்பி வெல்டிங்குக்கு ஏற்றதா என்று காட்டும் எண்) பாருங்கள். நுண்கலவை (மிகச் சிறிதளவில் சேர்க்கும் பிற உலோகங்கள்) சேராத கம்பிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 தரும் உச்சவரம்பு 0.42 சதவீதம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன், வக்கீல் நோட்டீசுக்கு ரசீதுகளைத் தேட வேண்டும்.