சஞ்சார் சாத்தி ஆப்: வேலைக்கு ஆகுது, பர்மிஷன மட்டும் பாத்து குடுங்க

மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி ஆப் உண்மையிலயே உபயோகமானதுதான், போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுத்துட்டு ஐஎம்இஐ நம்பர (ஒவ்வொரு போனுக்கும் இருக்குற தனி அடையாள நம்பர்) போட்டு பிளாக் பண்ணிடலாம், வேற சிம் போட்டாலும் இங்க எந்த நெட்வொர்க்லயும் ஓடாது. நம்ம பேர்ல வேற யாராவது சிம் வாங்கியிருக்காங்களான்னும் பாக்கலாம், இதுக்காகவே எங்க வீட்ல எல்லாருக்கும் செக் பண்ணி குடுத்தேன்.

ஆனா ஆண்ட்ராய்டுல கால் லாக், எஸ்எம்எஸ்னு பர்மிஷன் கேக்குது. தொலைஞ்ச போன பிளாக் பண்ண என் கால் லாக் எதுக்குங்க? மோசடி கால் பத்தி புகார் பண்ண வேணும்னா அப்ப மட்டும் கேக்கட்டும். 2025 நவம்பர்ல புது போன் எல்லாத்துலயும் இத கம்பெனியே போட்டு விக்கணும்னு அரசு உத்தரவு போட்டுச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் டிசம்பர் தொடக்கத்துலயே வாபஸ். அந்த எதிர்ப்பு ரொம்ப நியாயம். பிரைவசி அடிப்படை உரிமைன்னு 2017லயே உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிங்க சேர்ந்து சொல்லியாச்சு, திருட்டு போன பிடிக்கணும்னு சொல்லி அத ஒதுக்கி வைக்க முடியாது. சைபர் மோசடில பணத்த விட்டவங்க வலியும் புரியுது, அதனாலதான் ஆப்பே வேணாம்னு சொல்லல. பிளாக் பண்றது, சிம் பாக்குறது ரெண்டையும் வெப்சைட்லயே ஓடிபி போட்டு பண்ணிக்கலாம், நான் அதத்தான் சொல்வேன். 5க்கு 3 ஸ்டார்.