பி-செல் லுக்கீமியா: கீமோவோடு எந்த ஆன்டிபாடி?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்றால் பேச்சு நேரே திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்தில்தான் போய் நிற்கும். பெரியவர்களுக்கு வரும் பி-செல் ஏ.எல்.எல். (பி-செல் என்ற வெள்ளணு வகையில் வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய்) என்றால் அந்தப் பேச்சில் இப்போது மூன்று ஆன்டிபாடி மருந்துகள், அதாவது புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் மருந்துகள், அடிபடுகின்றன: ரிட்டுக்சிமாப், இனோட்டுசுமாப், பிளினாட்டுமொமாப். "இதுல எது நல்லது?" என்று கேட்கிறார்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது.

ரிட்டுக்சிமாப் பழைய ஆள். 2007இலேயே ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் இதன் உள்நாட்டு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டதால், மூன்றில் கைக்கு எட்டுவது இதுதான். 2016இல் வெளியான பிரெஞ்சுக் குழுவின் ஆய்வில், இரண்டு வருடம் நோய் திரும்பாமல் தாண்டியவர்கள் கீமோ மட்டும் எடுத்தவர்களில் 52 சதவீதம், ரிட்டுக்சிமாப்பும் சேர்த்தவர்களில் 65. ஆனால் புற்றுச் செல்லின் மேல் சிடி20 என்ற அடையாளப் புரதம் இருக்க வேண்டும். அதுவும் முதல் சிகிச்சையிலேயே சேர்க்க வேண்டும். திரும்பி வந்த நோயை இதை நம்பி எதிர்கொள்ள முடியாது.

அங்கேதான் இனோட்டுசுமாப். சிடி22 என்ற இன்னொரு அடையாளப் புரதத்தைப் பிடித்து, தான் சுமந்து வரும் நஞ்சை செல்லுக்குள் இறக்கும். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேர டிரிப். நோய் திரும்பியவர்களிடம் நடந்த இதன் 2016 ஆய்வில் நோய் முழுதாக அடங்கியது 80.7 சதவீதம் பேருக்கு. வழக்கமான கீமோவில் 29.4. ஆனால் கல்லீரல் ரத்தக்குழாய் அடைப்பு 11 சதவீதம் பேருக்கு வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவர்கள் கீமோ அளவை வெகுவாகக் குறைத்து இதோடு சேர்த்துப் பார்த்தது முழு கீமோ தாங்காத வயதானவர்களை மனதில் வைத்துத்தான். குடிப்பழக்கமோ பழைய மஞ்சள் காமாலையோ இருந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. நம்ம ஊரில் மறைப்பதே வழக்கம்.

பிளினாட்டுமொமாப் விஷயத்தில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஒரு கையால் புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி19ஐயும் மறுகையால் நோயை எதிர்க்கும் நம் டி-செல்லையும் பிடித்து இரண்டையும் மோத விடும் மருந்து இது. நோய் திரும்பியவர்களிடம் சோதித்தபோது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 7.7 மாதம், கீமோவில் 4.0. பெரிய வெற்றி என்று சொல்ல மனம் வராது. ஆனால் அதே மருந்தை, கீமோவால் நோய் அடங்கி, எஞ்சிய செல்கூடப் பரிசோதனையில் தென்படாத 224 பேரில் பாதிப் பேருக்கு, 2024இல் வெளிவந்த ஆய்வில், மேற்கொண்டு கொடுத்த கீமோவோடு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் தாண்டியவர்கள் 85 சதவீதம். கீமோ மட்டும் என்றால் 68. கடைசி அஸ்திரமாக ஒளித்து வைக்கிற மருந்து இல்லை இது. பணமும் மருந்தும் புரளும் என்றால் முன்னாடியே கேட்க வேண்டும். (80.7ஐயும் 85ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அங்கே எண்ணியது நோய் அடங்கியவர்களை, இங்கே எண்ணியது உயிரோடிருப்பவர்களை.)

இடைஞ்சல் விலை மட்டுமல்ல. உடம்பில் இரண்டு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடுவதால் 28 நாள் இரவு பகலாக பம்பில் ஓட வேண்டும். பை மாற்றும்போது குழாயைத் தண்ணீர் விட்டுத் தள்ளிக் கழுவக் கூடாது. உள்ளே நிற்கும் மருந்து மொத்தமாக ரத்தத்தில் பாய்ந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மறுபடி ஆஸ்பத்திரி மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். வழியில் பாலராமபுரம் நெரிசல் இருக்கும்போது அதை நம்பி களியக்காவிளையில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஆர்.சி.சி.க்கு அருகே உள்ள உள்ளூர் என்ற இடத்தின் பக்கம் ஒரு மாதம் அறை எடுக்கிற செலவையும் மருந்துக் கணக்கோடு சேருங்கள். நோயாளியைத் தினமும் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். நேற்றைய கையெழுத்து இன்று கோணினால் மருந்து மூளையைத் தொடுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வைப்பது பைஸ்டாண்டரின், அதாவது கூட இருந்து பார்த்துக்கொள்பவரின், வேலை.

எதற்கும் முதல் ஃப்ளோ சைட்டோமெட்ரி (புற்றுச் செல்லின் அடையாளப் புரதங்களைப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள். சிடி19, சிடி20, சிடி22 மூன்றில் எது உண்டு, எது இல்லை என்பது அதில் இருக்கும்.