வற்றிய கிணற்றில் ஒரு மியூவோன் உணர்கருவி

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களைக் கரும்பலகையில் மட்டுமே காட்ட முடிந்தது நெடுநாள் மனக்குறை. அதனால், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாகி, எவரும் செய்துகொள்ளும்படி பொதுவில் விடப்பட்ட ‘காஸ்மிக் வாட்ச்’ வடிவமைப்பில் பொருத்தப்பட்ட இரண்டு உணர்கருவிகளை இணையவழி வாங்கினேன்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் 5 செ.மீ. சதுரப் பிளாஸ்ரிக் தட்டு ஒன்று இருக்கிறது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் மியூவோன் என்னும் துணிக்கை ஊடுருவும்போது அதில் எழும் மினுக்கத்தைச் சிலிக்கன் ஒளியுணரி மின்துடிப்பாக மாற்ற, சிறுதிரையில் எண் கூடுகிறது. கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன் கடக்கிறது என்ற பாடவரி, அந்தத் திரையைக் கண்டபின்தான் மாணவருக்கு உண்மையாயிற்று.

எதனோடும் மிக அரிதாகவே மோதும் துணிக்கையான நியூட்ரினோவையும் இது பிடிக்கும் என்றது விற்றவரின் விளம்பரம். அது முற்றிலும் தவறு. சூரிய நியூட்ரினோக்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் ஒவ்வொரு சதுர செ.மீ. ஊடாகவும் கடந்தும், அவற்றில் மிகச் சிலவற்றைக் காணவே ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே ஆய்வுநிலையம் நிலத்தடியில் 1,000 மீற்றர் ஆழத்தில் 50,000 தொன் நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. இன்னொரு குறை: ஒரு பெட்டியின் கறுப்பு நாடா விலகியிருந்ததால், நண்பகல் முற்றத்தில் அது சூரிய ஒளியையே துணிக்கையென எண்ணியது. நாடாவை மீளச் சுற்றியதும் சரியாயிற்று. வன்னி வெக்கையில் ஒளியுணரியின் இரைச்சலும் கூடும். ஆகையால் ஒற்றைப் பெட்டியின் எண்ணிக்கையை நம்பாது, இரண்டையும் வடத்தால் இணைத்து, ஒரே கணத்தில் இரண்டும் உணர்ந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும்.

மண் மியூவோன்களை எவ்வளவு தடுக்கிறதென்று பார்க்க, ஆவணியில், நீர் வற்றிய இருபத்தைந்து அடிக் கிணற்றுக்குள் அவற்றை 10 செ.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி இறக்கினோம். எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அகன்ற கிணற்றுவாய் திறந்திருக்க, மேலிருந்து நேராக வருவதைத் தடுக்க அங்கே மண் ஏது என்று ஒரு மாணவிதான் கேட்டார். 45 பாகை சரித்து வைத்தோம்; தரையில் அதே சரிவில் கிடைத்ததைவிட வெகுவாகக் குறைந்தது. சுவர்மண் தடுத்திருந்தது.

இந்தியாவின் கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்த நியூட்ரினோ ஆய்வை விளக்க எனக்கு அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைத்ததில்லை. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த அச்சுரங்கத்தில், 1965ஆம் ஆண்டு, ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் இதே வகைப் பிளாஸ்ரிக் தட்டுகளைச் செங்குத்துச் சுவர்களாக நிறுத்திக் காத்திருந்தனர். வளிமண்டல மியூவோன் சரிந்து வருந்தோறும் கடக்கவேண்டிய பாறை நீளும்; ஆகவே அவ்வாழத்தில் கிடையாக ஓடும் தடம், நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறப்பித்த மியூவோனுடையதாகவே இருக்க முடியும். எங்கள் கிணற்றுச் சுவர் சிறிதளவு செய்ததையே அங்கே மலைப்பாறை முழுமையாகச் செய்தது.

பாகங்களுக்கு ஏறத்தாழ நூறு டொலர் ஆகும் இக்கருவியை ஆய்வுகூடங்களுக்கு மனமுவந்து பரிந்துரைக்கிறேன், இரண்டாக வாங்குங்கள். 10 செ.மீ. இடைவெளியில் நிமிடத்துக்கு இரண்டளவே பதிவாவதால் இரவு முழுதும் எண்ணவேண்டும். சில பவர் பேங்குகள், கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவென்று நள்ளிரவில் தாமே அணைந்துவிடும். அதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.